கேஸ் டிரையர்: பழுதைக் கண்டறியும் முறையும் பராமரிப்பும்

எரிவாயுவில் இயங்கும் துணி உலர்த்தும் டிரையர் வெளித்தோற்றத்தில் மின்சார டிரையரைப் போலவே இருப்பதால், அதன் அடிப்பகுதியில் ஒரு பர்னரும் அதில் உண்மையான தீச்சுடரும் இருக்கின்றன என்பதை அதைப் பயன்படுத்துவோரில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தச் சுடரால் சூடான காற்றை ஊதுவிசிறி டிரம்முக்குள் இழுத்து, துணியிலிருந்து கிளம்பும் நீராவியோடும் எரிந்த வாயுவின் கழிவோடும் சேர்த்துக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. டிரம்மைச் சுழற்றுவதற்கும், விசிறியை ஓட்டுவதற்கும், சுடரைப் பற்றவைப்பதற்கும், கட்டுப்பாடுகளை இயக்குவதற்கும் மட்டுமே மின்சாரம் பயன்படுகிறது. ஆகவே துணி காயவில்லை என்றால் காரணம் வாயுவில் இருக்கலாம், மின்சுற்றில் இருக்கலாம், காற்றோட்டத்திலும் இருக்கலாம். மூன்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தைத்தான். அதைச் சரிபார்க்காமல் உதிரிபாகம் வாங்கினால் பெரும்பாலும் வீண்செலவாகவே முடியும்.

கை வைப்பதற்கு முன்

வாயு வாடை அடித்தால் பழுது பார்க்கும் எண்ணத்தையே கைவிட வேண்டும். அந்த நேரத்தில் விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. பிளக்கைப் பிடுங்கக் கூடாது. வீட்டுக்குள் நின்றபடி தொலைபேசியைத் தொடவும் கூடாது. எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்ற பிறகு, அங்கிருந்தே வாயு நிறுவனத்தையோ தீயணைப்பு நிலையத்தையோ அழைக்க வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது என்பதால் மேலே எழும். எல்பிஜி கனமானது என்பதால் தரையோடு படர்ந்து தாழ்வான இடங்களில் தங்கும். எல்பிஜி இணைப்பு உள்ள வீட்டில், நின்ற நிலையில் வாடை தெரியவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

வாயு சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. வாயுவில் எரியும் எந்தச் சாதனம் வீட்டில் இருந்தாலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கையறைகளுக்கு அருகில் இருப்பது அவசியம். டிரையர் ஓடும்போது வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே சென்றதும் குறைகிறது என்றால், அந்தக் கருவி ஒலிக்கும் வரை காத்திருக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும்.

பழுது பார்க்கத் தொடங்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள வாயு வால்வையும் மூட வேண்டும். அதன் கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள். உட்புறத் தகடுகளின் விளிம்புகள் கத்தியாய் வெட்டும் என்பதால் கையுறை இல்லாமல் உள்ளே கையை நுழைக்கக் கூடாது.

காற்றோட்டம்

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறை துணி போடுவதற்கு முன்பும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பஞ்சை உரித்து எடுத்துவிட்டாலும் வலை அடைபட்டிருக்கக்கூடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. துணியை மென்மையாக்கும் தாள்களைப் பயன்படுத்தும் வீடுகளில், அவற்றிலிருந்து வெளிப்படும் பசை நாளடைவில் வலையின் கண்களில் மெல்லிய படலமாகப் படிகிறது. வலையைக் கிடையாகப் பிடித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல வலையில் நீர் உடனே கீழே இறங்கும், படலம் படிந்த வலையில் மேலேயே தேங்கி நிற்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு மென்மையான தூரிகையால் தேய்த்து, முழுவதும் உலர்ந்த பிறகே வலையை மீண்டும் பொருத்த வேண்டும். கிழிந்த வலையைத் தைத்தோ ஒட்டியோ பயன்படுத்தக் கூடாது. அதன் வழியே நழுவும் பஞ்சு நேராக ஊதுவிசிறியிலும் குழாயிலும் போய்ச் சேரும்.

வலைக்கு அடுத்தது வெளியேற்றுக் குழாய். வீட்டு டிரையர்களுக்கு வழக்கமாக 4 அங்குல விட்டமுள்ள குழாய் பொருத்தப்படுகிறது. அது உட்புறம் வழவழப்பான, விறைப்பான உலோகக் குழாயாக இருப்பது நல்லது; இயந்திரத்தையும் சுவரையும் இணைக்கும் குறுகிய பகுதிக்கு மட்டும் ஓரளவு வளையும் அலுமினியக் குழாயைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் குழாயும், தாள் போன்ற மெல்லிய ஃபாயில் குழாயும் கூடவே கூடாது. அவற்றின் மடிப்புகள் ஒவ்வொன்றிலும் பஞ்சு தங்கும் என்பதோடு, பஞ்சில் தீப்பிடித்தால் அந்தக் குழாய் தீயை அடக்கி வைக்காது. குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகளைப் போடாமல் அலுமினிய ஒட்டுநாடாவையும் கவ்விகளையும் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் உள்ளே நீளும் ஒரு திருகின் நுனி போதும், அதைச் சுற்றிப் பஞ்சு கோத்துக்கொண்டு சில மாதங்களில் அடைப்பாகிவிடும். வெளிச்சுவரில் குழாய் முடியும் வாய்க்குக் கொசுவலை அடிப்பதும் இதே காரணத்தால் தவறு. காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மடலே அங்கே போதுமானது.

நீளமும் முக்கியம். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாத இடத்தில், அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதி 35 அடியை உச்ச வரம்பாக வைத்து, சாதாரணமான 90 பாகை முழங்கை (குழாய் வளைவு) ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து 5 அடியைக் கழிக்கிறது. மூன்று முழங்கைகள் இருந்தால் எஞ்சுவது 20 அடிதான். இடத்தை மிச்சப்படுத்த இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது பின்னால் உள்ள குழாய் நசுங்கிப்போவது, இந்தக் கணக்குகளையெல்லாம்விட அடிக்கடி காணப்படும் குறை.

குழாய் அடைபட்டிருக்கிறதா என்று அறிய, இயந்திரத்தை ஓடவிட்டு வெளிச்சுவரின் வாயருகே கையை வைத்துப் பார்க்க வேண்டும். மடல் முழுவதும் திறந்து, சூடான ஈரக்காற்று கையைத் தள்ளும் வேகத்தில் வந்தால் குழாயில் குறையில்லை. மடல் பாதி திறந்து தள்ளாடினாலோ, காற்று மெலிந்து வந்தாலோ, பர்னரையும் வால்வையும் தொடுவதற்கு முன் குழாயைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். மின்சார டிரையர் வைத்திருப்பவர்கள் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து அடைப்பைக் கண்டுபிடிப்பதுண்டு. கேஸ் டிரையரில் அந்தக் குறுக்குவழி ஆகாது, ஏனெனில் குழாயில் செல்வது வெறும் சூடான காற்று அல்ல, எரிந்த வாயுவின் கழிவு; அதை வீட்டுக்குள் விடுவது ஒரு சோதனைக்காகக்கூடச் செய்யத் தகாத காரியம். சூடான காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் பெட்டிகள் கேஸ் டிரையருக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

சுத்தம் செய்ய, நீளமான வளையும் தண்டில் பொருத்திய தூரிகையும் தூசி உறிஞ்சியும் போதும். இயந்திரத்தை முன்னே இழுக்கும்போது பின்னால் உள்ள வாயு இணைப்புக் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துண்டு துண்டாகத் திருகி நீட்டும் தண்டுகளை டிரில் கொண்டு சுழற்றுவோர், மரை இறுகும் திசையிலேயே சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் தண்டு உள்ளேயே கழன்று, தூரிகையும் அடைப்போடு அடைப்பாகச் சிக்கிக்கொள்ளும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீவிபத்துகள் நடப்பதாகவும், காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விடுவதற்கே என்றும் கூறியது.

காற்று வெளியே போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, உள்ளே வரவும் வழி வேண்டும். டிரையரைச் சிறிய அறையிலோ அலமாரி போன்ற இடத்திலோ வைத்துக் கதவை மூடிவிட்டால், அது தான் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்றைப் பெற முடியாமல் திணறும், சுடரும் கெடும். அப்படிப்பட்ட இடத்தின் கதவில் குறைந்தது 100 சதுர அங்குலத் திறப்பு இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் ஒரு நிமிடம்

காற்றோட்டம் சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால், இயந்திரத்தை இயக்கிய முதல் ஒரு நிமிடம் பர்னரைக் கூர்ந்து கவனிப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. பல மாடல்களில் கீழ்ப்பகுதியில் இதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். சிலவற்றில் கீழ்த் தகட்டைக் கழற்ற வேண்டும். தகட்டைக் கழற்றிய பிறகு வால்வையும் பிளக்கையும் திரும்ப இணைத்து, எதையும் தொடாமல், தளர்வான உடையும் முடியும் அருகே செல்லாமல், எட்ட நின்று பார்க்க வேண்டும்.

பற்றவைக்கும் முறை இப்போதைய பெரும்பாலான வீட்டு டிரையர்களில் ஒன்றேதான். மோட்டார் வேகம் எடுத்ததும், சுடரைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்கு மின்சாரம் செல்கிறது. அது முதலில் மங்கிய சிவப்பாகத் தோன்றி, சில நொடிகளில் ஆரஞ்சு நிறம் ஏறி, கண் கூசும் அளவுக்கு ஒளிரும். பக்கத்தில் உள்ள சுடர் உணரி அந்த வெப்பத்தை உணர்ந்து தன் தொடர்பைத் துண்டிக்கும் வரை வாயு வருவதில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டதும் ‘டிக்’ என்று பர்னருக்கு வாயு விடும் உள்வால்வு திறக்கும், ‘புஸ்’ என்று சுடர் பிடிக்கும், இக்னைட்டர் அணையும். இவை அனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த உள்வால்வுக்குள் வாயுவின் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடுப்புகள் இருப்பதும், அவற்றை இழுத்துத் திறப்பவை வால்வின் தலையில் அமர்ந்திருக்கும் காயில்கள் (கம்பிச்சுருள்கள்) என்பதும் நினைவில் இருந்தால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இக்னைட்டர் ஒளிரவே இல்லை என்றால், முதலில் வெப்பம் இல்லாத ஓட்டத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் இது நடப்பதுண்டு. அது இல்லையென்றால், அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ், உச்சவெப்பத் தெர்மோஸ்டாட், அல்லது சுடர் உணரி, இக்னைட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் தொடர்பு அறுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொன்றின் கம்பிகளையும் விடுவித்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஃபியூஸும் தெர்மோஸ்டாட்டும் சுடர் உணரியும் ஏறத்தாழ 0 ஓம் காட்ட வேண்டும். சிலிக்கான் கார்பைடு இக்னைட்டர் மாடலுக்கு ஏற்ப 50 முதல் 400 ஓம் வரை காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் அது உடைந்துவிட்டது. மெல்லிய விரிசல் ஒன்று வெள்ளைக்கோடாக அதன் குறுக்கே தெரிவதும் உண்டு. புதியதைப் பொருத்தும்போது அதன் பீங்கான் அடிப்பகுதியை மட்டுமே பிடிக்க வேண்டும், ஏனெனில் ஒளிரும் பகுதி விரல் அழுத்தத்திலேயே ஒடியக்கூடியது. விரலின் எண்ணெய் பட்ட இடம் சீக்கிரம் பழுதாகவும் செய்யும்.

இக்னைட்டர் நன்றாக ஒளிர்ந்து, பின் சுடர் பிடிக்காமலேயே அணைந்து, சற்று நேரம் கழித்து மீண்டும் ஒளிர்ந்து அணைவது வேறு கதை. சுடர் உணரி தன் வேலையைச் செய்துவிட்டது, வாயுதான் வரவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள வால்வு திறந்திருப்பதையும் வீட்டின் மற்ற வாயுச் சாதனங்கள் எரிவதையும் உறுதிசெய்த பிறகு, சந்தேகம் காயில்கள் மீதே விழ வேண்டும். அதிலும் ஒரு வகைப் பழுது ஆளைக் குழப்பிவிடும்: முதல் சுற்றுத் துணி அருமையாகக் காயும், இரண்டாவது சுற்று ஈரமாகவே வரும், ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடியும் இயந்திரம் சொன்னபடி கேட்கும். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும் காயில், சூடேறியதும் உள்ளே தொடர்பு விட்டுப்போவதால் வரும் வினை இது. இக்காரணத்தால் ஆறிய காயிலை மல்டிமீட்டரால் அளந்து சரி என்று தீர்ப்பளிப்பதில் பொருளில்லை. பழுது தெரிகிற அந்த நேரத்தில், அதாவது சூடாக இருக்கும்போதே, பிளக்கைக் கழற்றி அளக்க வேண்டும். பரவலாக உள்ள ஒரு வகை வால்வில், மூன்று முனைகள் கொண்ட காயிலில் 1,400 ஓமை ஒட்டியும் 570 ஓமை ஒட்டியும் இரு அளவுகளும், இரு முனைகள் கொண்ட காயிலில் 1,300 ஓமை ஒட்டியும் கிடைக்கும். தங்கள் மாடலுக்குரிய எண்ணைத் தயாரிப்பாளரின் சுற்றுப்படத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம், அவை ஒரே வயதுடையவை. காயிலைத் தாண்டி வால்வின் உடலைத் திறக்கும் வேலையில் வீட்டுக்காரர் இறங்கக் கூடாது.

மூன்றாவது, இக்னைட்டர் அணையாமல் விடாது ஒளிர்ந்துகொண்டே இருப்பது. சுடர் உணரியின் தொடர்பு திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும்; அதை மட்டும் மாற்றினால் போதும்.

சுடர் பிடித்த பிறகு அதன் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலமாக, நிலையாக, ஓசையின்றி எரிய வேண்டும். நுனியில் சிறிது மஞ்சள் தெரிந்தால் பரவாயில்லை. சுடர் முழுவதும் மஞ்சளாகி அலைபாய்ந்தால் வாயுவோடு போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள், கார்பன் மோனாக்சைடு உண்டாவதற்கும் அதுவே வழி. பர்னர் குழலின் வாயில் பஞ்சு அடைத்திருப்பது இதற்கு எளிதான காரணம். வாயுத்துளையின் அளவு வாயுவின் வகைக்குப் பொருந்தாமல் இருப்பது ஆபத்தான காரணம். இயற்கை எரிவாயுவுக்காக அமைந்த இயந்திரத்தை அப்படியே எல்பிஜியில் இணைத்தால் சுடர் அளவுக்கு மீறிப் பெருக்கும். அந்த மாடலுக்கென்று தரப்படும் மாற்றுத் தொகுதியை உரிமம் பெற்ற தொழிலாளி பொருத்திய பின்னரே அதை எல்பிஜியில் இயக்கலாம்.

சுடரும் சரி, குழாயும் சரி, ஆனால் காய்ந்த துணியில் மட்டும் விரும்பத்தகாத வாடை வருகிறது என்றால் அருகில் எங்கேனும் சாயமோ வார்னிஷோ அடித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பர்னர் அறையின் காற்றையே இழுப்பதால் அந்த ஆவிகளும் சுடரில் எரிந்து துணியில் ஏறும். அறையைக் காற்றோட்டமாக்கிவிட்டு, அந்தத் துணியை மறுபடி துவைத்து உலர்த்தினால் போதும்.

தெர்மல் ஃபியூஸ்

ஊதுவிசிறியின் கூட்டில் பொருத்தியிருக்கும் தெர்மல் ஃபியூஸ், வெளியேறும் காற்று வரம்பு மீறிச் சூடானால் ஒருமுறை அறுந்து, அதன்பின் எப்போதும் இணையாது. சில மாடல்களில் அது அறுந்தால் டிரம் சுழலும், சூடு வராது. வேறு சிலவற்றில் மோட்டாரே கிளம்பாது. அது தானாக அறுவதில்லை. அடைபட்ட குழாயோ, தேய்ந்து அச்சில் வழுக்கும் விசிறிச் சக்கரமோ, ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டோ அதை அறுத்திருக்கும். காரணத்தை நீக்காமல் புதிய ஃபியூஸ் போட்டால் அதுவும் விரைவில் போய்விடும். கம்பியைக் குறுக்கே இணைத்து ஃபியூஸைத் தவிர்த்து ஓட்டுவது, சோதனை என்ற பெயரில்கூடத் தகாது.

சுழலாத டிரம், வேண்டாத ஓசை

மோட்டார் முனகியும் டிரம் சுழலவில்லை என்றால் கதவைத் திறந்து கையால் சுழற்றிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் ஓடினால் பெல்ட் அறுந்திருக்கிறது. எந்த ஓசையும் இல்லையென்றால் கதவுச் சுவிட்சையும் தெர்மல் ஃபியூஸையும் சோதிக்க வேண்டும். தாளகதியில் வரும் ‘தட் தட்’ டிரம்மைத் தாங்கும் உருளைகளையும், கீச்சொலி பெல்ட்டை இறுக்கும் கப்பியையும், உலோகம் உரசும் ஓசை முன்புறச் சறுக்குத் துண்டுகளின் தேய்மானத்தையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பெல்ட்டுக்காகத் திறந்தால் உருளைகளையும் கப்பியையும் அப்போதே மாற்றிவிடுவது, மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கும் உழைப்பை மிச்சப்படுத்தும். தானியங்கி ஓட்டத்தில் துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிட்டால், வடிகட்டிக்கு அருகே உள்ள இரண்டு உலோகப் பட்டைகளை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஈரத்தை உணரும் அவற்றின் மீதும் அதே பசைப் படலம் படிந்திருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை

ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழ்த் தகட்டைத் திறந்து, பர்னரையும் மோட்டாரையும் சுற்றித் தரையில் படிந்திருக்கும் பஞ்சைத் தூசி உறிஞ்சியால் எடுக்க வேண்டும். இக்னைட்டர் மீது குழலின் நுனி படக் கூடாது. வெளியேற்றுக் குழாயை அன்றே சுத்தம் செய்துவிடலாம். பெரிய குடும்பமோ, நீளமான குழாயோ, உரோமம் உதிர்க்கும் வளர்ப்புப் பிராணியோ இருந்தால் ஆண்டுக்கு இருமுறை செய்வது நல்லது. சமையல் எண்ணெயோ பெட்ரோலோ தோய்ந்த துணிகளைத் துவைத்த பிறகும் டிரையரில் போடாதீர்கள், ஏனெனில் துவைப்பதால் அவை முழுவதும் நீங்குவதில்லை. எண்ணெய் எஞ்சிய துணி சூடாகக் குவிந்து கிடக்கும்போது தானாகவே தீப்பற்றக்கூடும். ஓட்டத்தின் இறுதியில் வரும் குளிரூட்டும் நேரத்தை அவசரத்தில் வெட்டிவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூடி மாட்டிய பிறகு

வாயு இணைப்பைக் கழற்றியிருந்தாலோ, இயந்திரத்தை இழுத்து நகர்த்தியிருந்தாலோ, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் கசிவைச் சோதிக்க வேண்டும். நுரை குமிழிட்டுப் பெருகினால் வால்வை மூடி மீண்டும் இறுக்க வேண்டும். தீக்குச்சியை நீட்டிச் சோதிப்பது விபத்தை அழைப்பதாகும். டிரையரை வேறு இடத்துக்கு மாற்றும்போது வாயு வரும் பழைய நெளிகுழாயை எடுத்துப் போகாமல் புதியதை வாங்கிப் பொருத்த வேண்டும். மரையுள்ள இரும்புக் குழாய் இணைப்புக்கு வாயுவுக்கென்று தயாரித்த அடைப்பான் தேவை. நெளிகுழாயின் இரு முனைகளிலும் உள்ள கூம்பு வடிவ இணைப்புக்கு நாடாவோ பசையோ எதுவும் வேண்டாம், உலோகத்தோடு உலோகம் பொருந்தியே அது அடைக்கும்.

அதன்பின் ஈரத்துணி போட்டு ஓட்டி, முதல் சுடர் பிடித்ததும் திருப்தி அடைந்துவிடாமல் அரை மணி நேரமாவது கவனியுங்கள். தெர்மோஸ்டாட் சூட்டைக் கணித்துச் சுடரை அணைப்பதும், சற்று ஆறியதும் இக்னைட்டர் மீண்டும் ஒளிர்ந்து பற்றவைப்பதும் பலமுறை நடக்க வேண்டும். சூடேறிய பின் மட்டும் கைவிடும் காயில் இந்த நேரத்தில்தான் வெளிப்படும் என்பதால், மூன்று நான்கு முறை சுடர் தானே அணைந்து தானே பிடிப்பதைப் பார்த்த பிறகு கீழ்த் தகட்டின் திருகுகளை இறுக்கலாம்.